வைத்தியர் மேசையில் வெள்ளை வட்டு

உலாந்தாக் கோட்டையின் டச்சுக்கார வைத்தியர் இருந்தார். அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி இருந்தார். என் நாத்தனார் இருந்தாள். கூடை தூக்கிப் போன நான் இருந்தேன். தட்டிக்கு அப்பால் கட்டிலில் நாத்தனார் புருஷன், எனக்கு அண்ணன் முறை, கிடந்தார். திருக்கை மீன் முள் குத்தி வலது பாதம் வீங்கியிருந்தது. விரல்களை எடுக்க வேண்டி வரலாம் என்றிருந்தார் வைத்தியர். மேசையில் ஒரு வெள்ளை வட்டு. அப்பளம் அகலம், மேலே பூ வரைந்ததுபோல் ஐந்து இதழ்.

எங்களைக் கோட்டைக்குள் சும்மா விடமாட்டார்கள். வைத்தியர் கடல் பொருள்களை இனம் பிரித்துத் தட்டுத் தட்டாக வைப்பவர். வலையில் தின்ன உதவாமல் வருவதைக் கொண்டுபோனால் வாசல் திறக்கும். அந்தச் சாக்கில்தான் நாத்தனார் தினமும் புருஷனைப் பார்த்தாள்.

அன்று சட்டியில் கடல்நீரும் மணலும் போட்டு ஒன்றைக் கொண்டுபோனோம். ஊதா நிறம், உடம்பெல்லாம் குட்டை மயிர், மெல்ல நகரும்.

"இதுவும் அந்த வெள்ளையும் ஒண்ணுதான். இது உயிரோட கீது, அது செத்துக் காய்ஞ்சது" என்றாள் நாத்தனார்.

வைத்தியர் வெள்ளையைச் சிப்பித் தட்டுக்கென்று எடுத்து வைத்திருந்தார். முகம் சிவந்தது. ஏதோ சொன்னார்.

"பொய் சொல்றியாம். நாளையிலேர்ந்து வராதன்றாரு" என்றார் துபாஷி.

நாத்தனார் தட்டிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். நான் அவள் சேலையை இழுத்தேன். "சும்மா இருமே" என்றாள். பிறகு வைத்தியரின் பொய்முடியைக் காட்டி, "இன்னா ஐயா, அத்தக் கழட்டினா இவரு வேற ஆளா?" என்றாள்.

துபாஷிக்கு வேர்த்துவிட்டது. "இத்த நான் எப்டிம்மா சொல்றது?"

"வாயாலதான்."

சொன்னார். வைத்தியர் பொய்முடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மொட்டைத் தலை. சிரித்துக்கொண்டே கத்தியால் ஊதாவின் மயிரைச் சுரண்டினார். அதே பூ. நாத்தனார் அதோடு விடவில்லை. அதைத் திருப்பி, அடியில் நடுவே இருந்த வாயைக் காட்டினாள். தட்டிலிருந்த நட்சத்திர மீனையும் திருப்பினாள். அதற்கும் வாய் அங்கேதான். கையும் ஐந்து. "இதுங்க பங்காளிங்க. சிப்பி இதுக்கு இன்னா உறவு?" வைத்தியர் வட்டுகள் இரண்டையும் நட்சத்திர மீன் தட்டில் வைத்தார். வாசல் எங்களுக்கு மூடவில்லை.

மழைக்கு முன்னால் அண்ணன் தன் காலால் நடந்து எங்கள் கோட்டைக்குப்பம் வந்துசேர்ந்தார். அன்று வைத்தியர் கொடுத்தனுப்பிய வெள்ளை வட்டு என் அரிசிப் பானை மூடிமேல் கிடக்கிறது. எடுத்துப் பார்ப்பது குறைவு. ஆனால் அண்ணன் தோணியை விட்டு இறங்கும்போது, ஈரமணலில் பதியும் அந்த வலது காலைப் பார்ப்பேன். விரல்களை எண்ணுவேன்.

ஐந்து.