பாஸ்வேர்டு அடிக்கும்போது காலண்டரைப் பார்

பிரவுசிங் சென்டர் தொழில் என்பது நாள் முழுக்க அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, அவர் எதைப் பார்க்கிறார் என்பதை மட்டும் பார்க்காமல் இருப்பது. கடை வைத்துக் கல்லாவில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். இரண்டாயிரத்து எட்டு வாக்கில், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் என் தங்கை மகன் பாபு ஆறு கம்ப்யூட்டர் போட்டுக் கடை திறந்தான். எட்டாவது வரை படித்த என்னைக் காவலுக்கு உட்கார வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகள்

எனக்குப் புது ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சம். அவர்கள் பாஸ்வேர்டு அடிக்கும்போது விரல்களைப் பார்ப்பது அதைவிடக் கூச்சம். பக்கத்தில் நிற்க நேர்ந்தால் சுவரில் தொங்கும் காலண்டர் பக்கம் திரும்பி, அந்த மாதத்தில் எத்தனை ஞாயிறு என்று எண்ணத் தொடங்கிவிடுவேன். எண்ணி முடிப்பதற்குள் அவர்கள் அடித்து முடித்திருப்பார்கள்.

எளாவூர் செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும் நேரத்தில் பஸ் ஏறி வரும் லாரி டிரைவர் ஒருவர் இதைக் கவனித்துவிட்டார். கடையே சிரிக்கும்படி கேட்டார்: "இன்னாம்மா, நான் பாஸ்வேர்டு அடிச்சா நீங்க வெக்கப்பட்றீங்க?"

எழுந்த நாற்காலி

வேலை தேடும் பிள்ளைகள் பயோடேட்டாவையும் போட்டோவையும் ஸ்கேன் செய்து, மெயிலில் அனுப்பிவிட்டு அப்படியே எழுந்து போவார்கள். அடுத்து உட்காருபவருக்கு முகம், விலாசம், செல் நம்பர் எல்லாம் இலவசம். அதனால் ஒருவர் எழுந்ததும் நான் போய், திறந்து கிடக்கும் மெயிலை மூடி, விட்டுப்போன படங்களை அழித்த பிறகுதான் அடுத்தவரை உட்கார விடுவேன். காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை செய்யும் பையன் ஒருவன், முந்தின நாள் விட்டுப்போன பயோடேட்டாவைக் காணோம் என்று கத்தினான். பக்கத்தில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். ரோலிங் மில் தேவராஜின் மகள்; டிப்ளமோ முடித்து வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தவள். திரும்பிப் பார்க்காமலே அவனுக்குப் பதில் சொன்னாள்: "இது இன்னா உங்க ஊட்டு பீரோவா, வச்சிட்டுப் போனா அப்படியே இருக்க?"

எல்லாருக்கும் ஒரே சாவி

அந்த ஸ்டெல்லாவையே ஒரு நாள் தேவராஜ் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நண்பர்கள் சேரும் தளம் ஒன்றில் யாரோ அவள் பெயரில் பக்கம் திறந்து, பயோடேட்டா போட்டோவைப் போட்டு, செல் நம்பரோடு 'பேச ஆசையா?' என்று எழுதியிருந்தான். மில்லில் யாரோ சொல்லி அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் போன் ஓயவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு கம்பெனி ஆபீசில் இன்டர்வியூ. "வேலையும் வாணாம், வெளிய போறதும் வாணாம்" என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

அவள் போட்டோவை நான் மெஷினில் விட்டுவைக்கவில்லை. அது நிச்சயம். அப்படியானால், அவள் அனுப்பிய கம்பெனிகளை விட்டால், அது அவள் மெயிலில் மட்டும்தான் இருந்தது. ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாபுவைக் கேட்டாள்: "அண்ணா, மெயில் தொறந்து குடுத்தப்ப எனக்கு வச்ச பாஸ்வேர்டயே வேற யாருக்காவது வச்சீங்களா?" பாபு மின்விசிறியைப் பார்த்தான். கடையில் திறந்த அத்தனை மெயிலுக்கும் கடைப் பெயரும் ஒன்று, இரண்டு, மூன்றும்தான் பாஸ்வேர்டு. தன்னுடையதைத் தெரிந்தவன் ஊருடையதைத் தெரிந்தவன்.

நான் பார்த்த பார்வைக்கு அவன் சொன்ன பதில்: "ஆளுக்கு ஒண்ணு வச்சா மறந்துட்டு என்னாண்டதான் வந்து நிப்பாங்க, பெரீம்மா, ஒரே பேஜாரு."

தேவராஜின் மெயில்

துபாய் வேலைக்கு விண்ணப்பிக்க தேவராஜும் எங்களிடம்தான் மெயில் திறந்திருந்தார். ஸ்டெல்லா அவரை உட்கார வைத்து, அவர் பெயரை அடித்து, தன் பாஸ்வேர்டைப் போட்டாள். திறந்துகொண்டது.

"நைனா, இப்ப உன் பேர்ல உங்க மேனேஜரத் திட்டி ஒரு மெயில் போட்டா, நாளைக்கு உன்ன வேலைய உட்டுத் தூக்குவாங்க. அப்ப தப்பு உன்னுதா?"

தேவராஜ் திரையிலிருந்து மகள் பக்கம் திரும்பினார். மகள் கையை எப்போதோ விட்டிருந்தார். கேட்டார்: "வெள்ளிக்கிழம எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?"

லேடீஸ் ஸ்பெஷல்

அந்தப் பக்கத்தை உடனே அழிக்கச் சொல்லித் தளத்துக்கு எழுதப் பாபு துடித்தான். முதலில் அதை பிரிண்ட் எடு என்றேன்; போலீசுக்குப் போக வேண்டியிருந்தால் கையில் என்ன இருக்கும்? அந்தத் தாளை நான் படிக்கவில்லை. கவரில் போட்டு ஒட்டி ஸ்டெல்லாவிடமே கொடுத்தேன்.

பிறகு அவளோடு படித்த பெண்கள் வந்தார்கள். ஆறு மெஷினிலும் உட்கார்ந்து, ஒருத்தி மாற்றி ஒருத்தி அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பினார்கள். அன்றைக்கு எந்த முதுகைப் பார்த்தாலும் எனக்குப் பெருமையாக இருந்தது. வியாழக்கிழமை அந்தப் பக்கம் காணாமல் போனது. செய்தவன் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. புகார் அனுப்பிய அன்று, மெஷின் காலியாகுமா என்று எட்டிப் பார்த்த ஒருவருக்கு அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னது: "இது லேடீஸ் ஸ்பெஷல்ண்ணா, அடுத்த வண்டில வாங்க."

ஒற்றை விரல்

வெள்ளிக்கிழமை தேவராஜே மகளை வண்டியில் கொண்டுபோய் விட்டார். வேலை கிடைத்தது. நாங்கள் மெயில் திறந்து கொடுத்த எல்லாரையும் பாபு ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். அவரவர் பாஸ்வேர்டை அவரவரே மாற்றிக்கொண்டார்கள். அத்தனை முறையும் நான் காலண்டர் பக்கம் திரும்பி நின்றேன்.

கடைசியாக வந்தவர் தேவராஜ்; ஸ்டெல்லாவும் கூட வந்திருந்தாள். ஒற்றை விரலை உயர்த்தி, எழுத்தைத் தேடி, நிறுத்தி, எங்கள் இருவரையும் பார்த்தார். "அக்கா, நீங்க காலண்டரப் பாத்துக்கினு இருங்க. ஸ்டெல்லா, நீயும் அந்தாண்ட திரும்பு."

அந்தக் கடையில் உட்கார்ந்த வருஷங்களில் எந்த மாதத்துக்கு எத்தனை ஞாயிறு என்று கேட்டால் இன்றும் சொல்வேன். ஊரில் ஒருவருடைய பாஸ்வேர்டும் எனக்குத் தெரியாது.