தண்ணீர் நிற்காத ஊரணி

கல்லலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊராட்சிக்கு நான் பத்து ஆண்டுகள் தலைவராக இருந்தேன். அதற்கடுத்த தேர்தலில் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஜெயித்து வந்தவர் நூறு நாள் வேலையில் மண் சுமந்துகொண்டிருந்த ஒரு பெண், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எத்தனை நாளைக்கு வண்டி ஓடுகிறது பார்ப்போம் என்று டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அந்தப் பெண் வந்ததிலிருந்து ஒரே கேள்விதான். மோட்டார் போடுகிறவரிடம் போய், எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும் என்று கேட்டார். தெருவிளக்கு மாட்ட வந்தவரிடம் ஏணியைப் பிடித்துக்கொண்டே கேட்டார். அலுவலகத்தில் ஒவ்வொரு தாளுக்கும் "இது எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. என் காலத்தில் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. தலைவனே கேட்டுக்கொண்டு திரிந்தால் ஊர் மதிக்குமா என்பது என் எண்ணம். ஆனாலும், கேட்டுக் கேட்டு இந்தப் பெண் என்னதான் செய்யப் போகிறார் என்ற குறுகுறுப்பு என்னை விடவில்லை. இன்றைக்கு யாரைப் பிடித்தார் என்று தினமும் விசாரிப்பேன்.

ஒருநாள் காலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஊரணிய இன்னும் ஆழமா வெட்ட உத்தரவு வாங்கியிருக்கேண்ணே. வர்ற வாரம் மண்ணு வெட்டுற வண்டி வருது. நீங்க வெட்டுனதுக்கப்புறம் தண்ணி ஏன் நிக்கல?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடிநீர் ஊரணியை இயந்திரம் வைத்து ஆழப்படுத்தியது நான்தான். வெட்டும்போது ஓரிடத்தில் தண்ணீரைத் தாங்கும் களிமண் முடிந்து மணல் தெரிந்தது. வண்டி ஓட்டியவர் நிறுத்திவிட்டு, "அடிமண்ணு மாறுது, போதும் தலைவரே" என்றார். "நீ வண்டிய ஓட்டு, ஊரணிய நான் பாத்துக்கிறேன்" என்று அதட்டினேன். அந்த ஐப்பசியில் ஊரணி நிறைந்தது. தை பிறப்பதற்குள் தரை தெரிந்தது. மழை போதவில்லை, வாய்க்கால் அடைத்துக்கொண்டது, வெயில் குடித்துவிட்டது என்று வருசத்துக்கு ஒரு காரணம் சொன்னேன். வீட்டில்கூட உண்மையைச் சொன்னதில்லை.

அன்றும் "மழை இல்லம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். மறுபடி வெட்டினால் அங்கே ஒரு குடம் தண்ணீர்கூடத் தங்காது. பழி புதிய தலைவர் தலையில் விழும், என் பெயர் தப்பிக்கும். அப்படி ஓர் ஆசை எனக்கு வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"ஊர்ல இத்தன பேரு இருக்காக. என்கிட்ட ஏம்மா கேக்குற?" என்றேன்.

"எல்லாரையும் கேட்டுட்டேண்ணே. ஆளுக்கொன்னு சொல்றாக. தப்பு எந்த எடத்துல ஆச்சுன்னு உங்களுக்குத்தானே தெரியும். அத நான் தெரிஞ்சுக்கிறணும்ல."

முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். "போன களிமண்ண மறுபடி போடலாமாண்ணே?" என்று உடனே அடுத்த கேள்வி வந்தது. "தெரியாதும்மா" என்றேன். அந்த ஒரு சொல்லைப் பத்து ஆண்டுகளாக எதற்காக விழுங்கிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கிராமசபையில் எழுந்து நானே ஊரறியச் சொன்னேன். வெட்டுகிற வேலை நின்றது. கண்மாய்க் களிமண்ணை எப்படிப் பரப்பி இறுக்குவது என்று கேட்க, தலைவர் நாலு ஊருக்குப் போனார். திருக்கோஷ்டியூர்ப் பக்கம் போனபோது நானும் கூடப் போனேன். அங்கே பாதிக் கேள்வி என்னுடையதுதான்.

மழைக்கு முன்னால் களிமண்ணைப் பரப்பி இறுக்கினோம். அடுத்த பங்குனியில் ஊரணியில் தண்ணீர் நின்றது. பார்க்கப் போனேன். படியில் ஓர் அம்மா குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். ஊரணி வறண்ட ஐந்து கோடையும் அடுத்த ஊருக்கு நடந்து தண்ணீர் சுமந்தவர். நல்லதாக ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"அன்னைக்கே நாலு பேரக் கேட்டிருந்தீகன்னா, நாங்க அஞ்சு கோடை நடந்திருக்க மாட்டோம்ல" என்றார்.

குடத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.