அப்பா வெட்டாத புளியமரம்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மணலில் ஆயில் கலந்தது. லாரி ஷெட்டில் வாங்கிய கழிவு ஆயிலை அவர் டின்னிலிருந்து ஊற்ற, நான் மண்வெட்டியால் புரட்டினேன். ஐந்து களங்களுக்குத்தான் போதுமானதாக இருந்தது. ஆறாவதற்கு இல்லை.

“சனிக்கெழம நான் போயி வாங்கியாரேன்” என்றார். “களம் காஞ்சி கெடந்தா சாக்கு சுளுவா வந்துடும். அந்த அறிவுப் பயலுக்குக் கனமா இருக்கணும்.”

வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் ஆறு குழிகள் மட்டுமே உள்ள கோல்ஃப் மைதானம் அது. ஒரு காலத்தில் அதிகாரிகளின் கிளப். அவர்கள் வருவது நின்றதும், யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்றாகிவிட்டது. டீயும் வடையும் சாப்பிடும் காசில் டிக்கெட். மட்டையும் பந்தும் அங்கேயே தருவார்கள். எந்தக் குழியும் தூரமில்லை. புல் வளர்க்கத் தண்ணீர் கிடையாது. குழியைச் சுற்றி வட்டமாக மணல் பரப்பி, காற்றில் பறக்காமலிருக்க ஆயில் கலந்திருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது களம். பந்தைக் குழியில் போட்ட பிறகு, ஈரச் சாக்கை இழுத்துத் தன் கால்தடத்தை அழித்துவிட்டுப் போக வேண்டும். அதுதான் அங்கே மரியாதை.

அப்பா ராஜாங்கம் சங்கராபுரத்தில் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். கடை மூடும் நாளில் சைக்கிளில் மைதானத்துக்குப் போய்விடுவார். “குழில உருண்டைய தள்ளறதுக்கு காசு வேற குடுக்கணுமா?” என்பாள் அம்மா. சில நாள் என்னையும் கூட்டிப்போவார். நானும் ஆடக் கற்றுக்கொண்டேன்.

1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. பஸ் இல்லை, கடை இல்லை. அப்பா மைதானத்துக்குப் போனார். காவலாளி சடையன் அன்று வரவில்லை. அப்பா தனியாக ஆடி, ஒவ்வொரு களத்திலும் சாக்கு இழுத்துவிட்டுத் திரும்பினார். அந்த நேரத்தில் சங்கராபுரம் சாலையில் அறிவுச்செல்வன் ஒரு புளியமரத்தைக் குறுக்கே வெட்டிச் சாய்த்தார். அப்பாவின் பங்காளி, எனக்குச் சித்தப்பா முறை. போலீஸ் பிடித்ததும், வெட்டியது ராஜாங்கம் என்று கைகாட்டிவிட்டார்.

“கோல்ஃபு ஆடிக்கினு இருந்தேங்க” என்று அப்பா ஸ்டேஷனில் சொன்னார். சிரித்தார்கள். ஓர் ஏட்டு மட்டும் மைதானத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “ஒரு காலடி கூட இல்லியேய்யா. தொடச்சி வெச்ச மாதிரி இருக்குது” என்றார்.

துடைத்து வைத்தவர் அப்பாதான். அதற்காக ஜெயிலுக்குப் போனார். கைத்தொழில் தெரிந்த மனிதர். வெளியே வந்தபோது வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போயிருந்தார்கள். நான் டிப்ளமோ முடித்துவிட்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்தேன்.

1989-இல் ஒதுக்கீடு வந்தது. ஊர்ப் பேச்சும் மாறியது. ஜெயிலுக்குப் போனவர்களை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். அப்பா போகவில்லை. அறிவுச்செல்வனுக்குச் சங்கத்தில் ஒரு பதவி வேண்டியிருந்தது. “மரத்த வெட்டுனது நான்தான்” என்று இப்போது சொல்லிப் பார்த்தார். “கேசு ராஜாங்கம் பேர்லல்ல இருக்குது?” என்று டீக்கடையில் கேட்டார்கள்.

ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, நீ ஒரு வார்த்த சொல்லணும். மரம் நான் வெட்டுனதுன்னு.”

“இன்னா மரம்?”

“வெளையாடாதண்ணே. அந்தப் புளியமரம்.”

“அது என்னுதாச்சே. நீதான குடுத்த.”

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: “ஞாயித்துக்கெழம மைதானத்துக்கு வா. என்ன ஜெயிச்சினா டீக்கடைல நின்னு சொல்றேன். தோக்குற வரைக்கும் சாக்கு நீ இழு.”

வாராவாரம் வந்தார். வாராவாரம் தோற்றார். பலசாலி, ஓங்கி அடிப்பார். பந்து களத்தைத் தாண்டி மரவள்ளிக் கொல்லையில் விழும். அப்பா பழைய இரும்பு மட்டையால் மெதுவாகத் தட்டிக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்துவார்.

“இன்னா வெட்டு வெட்டற, அறிவு” என்பார். “ஊர்ல எவனும் நம்ப மாட்டேன்றான். ஒன் கைய பாத்தா நான் நம்புறேன்.”

பந்து குழியில் விழுந்த பிறகும் அப்பா களத்தை விட்டு இறங்க மாட்டார். செருப்புக் காலோடு குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். சித்தப்பா சாக்கைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார்.

“முடிஞ்சிதாண்ணே?”

“இரு. அந்த ஓரத்துல இன்னும் கால் வெக்கல.”

பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். “இவரப் பாத்தா சாக்கு தானா எழுந்து வருதுப்பா” என்று சடையன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா குனிந்து இழுத்தார்.

எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனாலும் ஒருநாள் கேட்டேன்: “போதாதாப்பா?”

“நான் வெளிய வந்தன்னிக்கு எதுர்ல வந்தான். பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்கினான். அதுக்கு இன்னும் இழுக்கல.”

ஐந்து களங்களுக்கு ஆயில் கலந்த அந்த வாரமே, வெள்ளிக்கிழமை, கடையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. கம்பி பாதி சுற்றிய மோட்டாரை நான் முடித்துக் கொடுத்தேன்.

காரியத்தன்று சித்தப்பா மாலையோடு வந்தார். அழுதார். பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவியதும் என்னிடம் வந்தார்.

“செல்வி, அண்ணனே போயிட்டாரு. இனி இன்னாத்துக்கு அதெல்லாம். நீ ஒரு வார்த்த சொன்னா போதும்மா. பொண்ணு சொன்னா நம்புவாங்க.”

“சொல்றேன் சித்தப்பா. ஞாயித்துக்கெழம மைதானத்துக்கு வாங்க.”

“நீயா ஆடப் போற?”

“அப்பா மட்ட எங்கிட்டதான் இருக்குது.”

அவர் என் கால்களைப் பார்த்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அப்பா அளவுக்கு எனக்கு ஆட வராது. சித்தப்பாவை ஜெயிக்கும் அளவுக்கு வரும். ஆறாவது களம் இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. கடை வாசலில் டின் காலியாக இருக்கிறது. சனிக்கிழமை லாரி ஷெட்டுக்குப் போய் ஆயில் வாங்கி வர வேண்டும்.