பிரேக்கக்காவின் கால்

தெருவில் அவளுக்குப் பிரேக்கக்கா என்றுதான் பெயர். கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் இவள் காலடியில் இன்னொன்று. வருஷக்கணக்காக அதை மிதித்து மிதித்து, கால் அவள் பேச்சைக் கேட்பதையே விட்டுவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். பல் டாக்டரின் நாற்காலியில் படுத்தபடி மிதித்து மானம் போயிருக்கிறது.

அப்பேர்ப்பட்டவளின் வாசலில் நகராட்சி கை வைத்தது. தெருவின் இரண்டு ஓரமும் சைக்கிளுக்குத் தனிப்பாதை, கார் நுழையாதபடி முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் தடுப்பு. இனி வாசலில் யாரும் கார் நிறுத்த முடியாது, பின்தெருவுக்குத்தான் போக வேண்டும். பிரேக்கக்காவுக்கு வந்ததே கோபம்!

"வாசல்ல கார் நிக்கிறதப் பாத்துத்தானே ஆளுங்க கத்துக்க வர்றாங்க? என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறாங்களே!" என்று குதித்தாள். வார்டுக் கூட்டத்தில் எங்களுக்கும் சேர்த்து நீங்களே பேசுங்கள் என்று கார் வைத்திருந்த வீடுகளெல்லாம் அவளைப் பிடித்துக்கொண்டன. அவளுக்கு இருக்கிற வாய் வேறு யாருக்கு உண்டு?

வம்பு வீட்டுக்குள்தான். மகளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. போக வர சைக்கிள்தான்.

"உனக்குக் கார் நிக்கணும். நான் உசிரோட வீடு வந்து சேரணும்மா."

"போடி, பெருசா பேச வந்துட்டா. ஓரமா போனா ஒண்ணும் ஆகாது."

சொல்வாளே தவிர, காலையில் மகள் கிளம்பியதும் பால்கனிக்கு ஓடிவிடுவாள். நிற்கிற கார்களைச் சுற்றிக்கொண்டு சைக்கிள் நடுத்தெருவுக்கு வரும்போதெல்லாம் இவள் கால் தரையை மிதிக்கும்.

"அங்க பிரேக் இல்லடி," என்பார் கேன்டீனில் சமையல் வேலை பார்க்கும் கணவர்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பேங்க் மேனேஜருக்குப் பாடம். தெருவுக்குள் திரும்பியதும், ஓரமாக நின்ற வேனின் கதவு படாரென்று திறந்தது. முன்னால் போன சைக்கிள் அதற்கு ஒதுங்கிக் காரின் நேர் எதிரே வந்துவிட்டது. மேனேஜர் பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். பிரேக்கக்கா மிதித்தாள். பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி கார் நின்றது.

திரும்பிப் பார்த்தது அவள் மகள்.

மேனேஜர் மன்னிப்பு மேல் மன்னிப்பாகக் கேட்டார். பிரேக்கக்கா காதில் ஒன்றும் விழவில்லை. அன்று ராத்திரி அவள் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் கூட்டத்தில் மைக்கை வாங்கினாள். கார் வீட்டுக்காரர்கள் முன்வரிசையில் தயாராக இருந்தார்கள்.

"என் கார்ல ரெண்டு பிரேக் இருக்கு. நேத்து என் பொண்ணு பொழச்சது ரெண்டாவது பிரேக்கால. இந்தத் தெருவுல போற மத்த காருக்கெல்லாம் நான் எங்கேருந்து மிதிக்கிறது? தடுப்பப் போட்டுடுங்க."

முன்வரிசைக்கு முகத்தில் ஈயாடவில்லை. அதில் இரண்டு வீட்டார் இன்னும் அவளோடு பேசுவதில்லை.

தடுப்பு வந்தது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் குறைந்துதான் போனார்கள். முட்டிவலியோடு பின்தெருவுக்கு நடக்கும்போது நகராட்சியை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள், அதில் ஒரு குறையும் இல்லை.

பாதை திறந்த முதல் நாள் காலை, வழக்கம்போல் பால்கனியில் நின்றாள். தடுப்புக்கு உள்பக்கமாகவே போன சைக்கிள் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"என்னடி, இன்னிக்கு மிதிக்கல?" என்றார் கணவர்.

"எத?" என்று கேட்டவள், அப்புறம்தான் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.