லாரி ஏறிய குரங்குகள்

திருச்சி மன்னார்புரத்தில் குடியிருந்த லூர்துராணி ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. 1982-ல் ஸ்ரீரங்கத்தில் குரங்குத் தொல்லை தாங்க முடியாமல் போனது. மொட்டைமாடியில் வடாம் காயப்போட முடியவில்லை. பள்ளிக்கூடம் போன ஒரு சிறுமியைக் குரங்கு கடித்தும் விட்டது. அவற்றைப் பிடித்துப் பச்சைமலையில் விடலாமா என்று ஆராய்ந்து சொல்லும்படி நகராட்சி அதிகாரி ஒருவர் லூர்துராணியைக் கேட்டார். தன் படிப்பு ஊருக்கு உதவப் போகிறதென்று அவருக்குச் சந்தோஷம்.

ஒரு வருஷம் அதிகாலை டவுன் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனார். எந்தக் கூட்டம் எந்தத் தெருவில் திரிகிறது, எதைத் தின்கிறது என்று கவனித்தார். கல்யாண மண்டபங்களின் பின்பக்கம் கொட்டும் எச்சில் இலையும், புண்ணியத்துக்கு வீசும் வாழைப்பழமும் இருக்கும்வரை, ஒரு கூட்டத்தைப் பிடித்தால் கொள்ளிடக்கரைத் தோப்புக் கூட்டம் அந்த இடத்துக்கு வந்துவிடும். ஊர்ச் சோறு தின்று பழகியவை மலையில் காட்டுக்குள் போகாது. மரவள்ளிக் கொல்லையில்தான் இறங்கும். குப்பையை மூடுங்கள், குரங்கைப் பிடிக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

அதிகாரி படித்துவிட்டுத் தலையாட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மேடம். ஆனா குப்பைத்தொட்டிக்கு மூடி போட்டா யாரு கண்ணுக்குத் தெரியும்? குரங்கு லாரியில ஏறுறதை ஜனங்க பாக்கணும்."

ஏறின. தெருவே கூடி நின்று பார்த்தது. ஐப்பசி மழை முடிவதற்குள் தோப்புக் குரங்குகள் அதே மாடிகளில் வந்து உட்கார்ந்துவிட்டன.

மலையில் என்ன ஆயிற்றென்று பார்க்க லூர்துராணி துறையூர் வழியாகப் பச்சைமலைக்குப் போனார். ராசப்பன் என்ற விவசாயி, குரங்குகள் பிடுங்கிப் போட்ட மரவள்ளிச் செடிகளை வாரிக்கொண்டிருந்தார். இவர் பேரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"குரங்கு டீச்சர் நீங்கதானா? லூர்துராணின்னு படிச்ச அம்மா ஆராய்ச்சி பண்ணித்தான் இங்க விட்டோம்னு சொன்னாங்களே."

"நான் விடக்கூடாதுன்னுதாங்க சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு விட்டாங்க?"

திருச்சி திரும்பியதும் நேரே அதிகாரியிடம் போனார். "வேண்டாம்னு எழுதினவ பேரை எப்படிச் சொன்னீங்க?"

"ஆய்வு நடந்துச்சுன்னுதான் சொன்னோம் மேடம். அதுல என்ன இருக்குன்னு யாரும் கேக்கலையே."

லூர்துராணி அதோடு விடவில்லை. மேலே இருப்பவர்களைப் போய்ப் பார்த்தார். எல்லாரும் காபி கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த கோடையில் குரங்கு விஷயமாக அதிகாரிகள் கூட்டம் போட்டு லூர்துராணியையும் அழைத்தார்கள், மறுபடி லாரிக்கு உத்தரவு ஆனது. இந்தத் தடவை எங்கே விடப் போகிறீர்கள் என்று லூர்துராணி கேட்டார்.

"அதே பச்சைமலைதான். ஏற்கெனவே ஆய்வு பண்ண இடமாச்சே."

கூட்டம் முடிவதற்குள் அவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். மறுநாள் லீவு போட்டுவிட்டு மலைக்குப் போய், இன்னொரு லாரி வரப்போகிறதென்று ராசப்பனிடம் சொன்னார். தன்னால் தடுக்க முடியவில்லை என்பதையும் சொன்னார்.

"சொல்லிட்டீங்க, சரி. நாங்க என்ன பண்றது?"