கூண்டின் வேகம்

பிக்கப்பில் பேட்டரி விளக்கு அணையவே இல்லை. இன்ஜினிலிருந்து ஓயாமல் ஒரு ரீங்காரம். சுரங்க ஊரான கோரமண்டலில் மெக்கானிக் பாஷா மீட்டர் வைத்துப் பார்த்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டார். ரீங்காரம் நின்றது.

"ஆல்டர்நேட்டர்தான் சார் போச்சு. பேரிங்கும் கத்துது. புதுசு போட்டுரலாம்."

அந்த ரீங்காரம் நின்றதும் எனக்குச் சின்ன வயது நினைவு வந்தது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில், சுரங்கத்தில் ஆட்கள் போகும் கூண்டை ஏற்றி இறக்கும் இன்ஜினின் ரீங்காரம் எந்நேரமும் கேட்கும். ஒரு பிற்பகல் தரை குலுங்கியது. சுரங்கத்துக்குள் பாறை வெடித்திருந்தது. அந்த ரீங்காரம் நின்றுபோனது. அப்பாவும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கணவரும் உள்ளே இருந்தார்கள்.

ஸ்டெல்லா அக்கா ரேடியோவை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். அம்மா ஸ்டவ்வை அணைத்தாள். அப்படி நேர்ந்தால் லைனில் யாரும் பேசமாட்டார்கள், இன்ஜினைத்தான் கேட்பார்கள். கூண்டு வேகமாக ஏறினால் ஆட்கள் நின்றுகொண்டு வருகிறார்கள். மெதுவாக ஏறினால் யாரையோ படுக்கவைத்துக் கொண்டுவருகிறார்கள்.

முதலில் கூண்டு வேகமாக ஏறியது. சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தூசியோடு அப்பா வந்தார்.

"இன்னாங்க, டிபன் கேரியர எங்க உட்டீங்க?" என்று அம்மா அதட்டினாள்.

"மனுஷன் வந்தது பத்தாதா?"

"மெதுவா பேசுங்க. ஸ்டெல்லா வீட்டுக்காரர் இன்னும் வரல."

அப்போது இன்ஜின் மறுபடி இழுக்கத் தொடங்கியது, மிக மெதுவாக. பக்கத்து வாசலில் ஸ்டெல்லா அக்கா எங்கள் யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பாஷா புதியதை மாட்டி இன்ஜினை முடுக்கினார். பேட்டரி விளக்கு அணைந்தது. நான் இன்ஜின் பக்கம் காதைச் சாய்த்தபடியே நின்றேன்.

"சத்தமே இல்ல. இன்னும் இன்னா சார் கேக்குறீங்க?"