சிவப்புக்காரி, ஊதாக்காரி, அக்காவின் சாவி

ஜப்பானில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கேள்வி சுற்றி வரும். "நீங்க யார் பக்கம்?" நம் பெரம்பலூர்ப் பக்கத்தில் இது அரசியல் கேள்வி. தேர்தல் சமயத்தில் டீக்கடையில் இதற்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். இங்கே கேட்பதோ அனிமே என்கிற பொம்மைப் படத்தில் வரும் இரண்டு பெண்களைப் பற்றி! தலை நரைத்த சமையல்காரர் முதல் மேனேஜர் வரை ஆளுக்கொரு பக்கம். சாவிக்கொத்தில் தங்கள் கட்சிப் பெண்ணைக் குட்டிப் பொம்மையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நல்ல கூத்துடா சாமி என்று சிரித்தேன். பிறகு, என்னோடு ஒரே ஷிஃப்டில் இருக்கும் மிசாகி செல்போனில் முதல் பாகத்தைப் போட்டுக் காட்டினாள். அதோடு நானும் மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பெண்களின் பெயர்கள் என் வாயில் நிற்கவில்லை. ஒருத்தி சிவப்பு அங்கி, இன்னொருத்தி ஊதா. எனக்கு அவர்கள் சிவப்புக்காரி, ஊதாக்காரி. இருவருக்கும் மலையைப் பிளக்கும் சக்தி ஒரே அளவில் உண்டு. கையில் வந்ததை விட்டால் அடுத்தவன் எடுத்து நம்மையே அடிப்பான், அதனால் இறுக்கிப் பிடி என்பது சிவப்புக்காரியின் கட்சி. பிடித்துக்கொண்டே இருந்தால் நாமும் அடிக்கிறவர்களாகிவிடுவோம், வேலை முடிந்ததும் இறக்கி வை என்பாள் ஊதாக்காரி. கடைசியில் அவள் தன் சிம்மாசனத்தைச் சிவப்புக்காரிக்கே கொடுத்துவிட்டு வெறுங்காலோடு மலையேறிப் போகிறாள். அந்த இடத்தில் மிசாகி மூக்கை உறிஞ்சி அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ புருஷன்தான் எழுதிக் குடுக்கச் சொல்லியிருப்பான்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில் சொன்னேன்.

மிசாகி விழித்தாள். "அவளுக்குக் கல்யாணமே ஆகலையே, கலா சான்." இங்கே மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்ப்பார்கள்.

"அப்ப அப்பனா இருக்கும்."

"அப்பா முதல் பாகத்துலயே செத்துட்டாரே."

அவள் எத்தனை பொறுமையாக விளக்கியும் எனக்கு ஏறவில்லை. ஒரு பெண் தானாக நாற்காலியை விட்டு எழுந்தாள் என்றால், பின்னால் நின்று எழுப்பியது யார் என்றுதான் என் புத்தி போகிறது. என் புத்தியைச் சொல்லிக் குற்றமில்லை. என் அக்கா தமிழ்ச்செல்வி எங்கள் ஊராட்சியின் தலைவி.

பெண்களுக்கு ஒதுக்கிய பதவி. நாலு தலைமுறையாக அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கிய தெருவிலிருந்து வந்த முதல் தலைவர் அவள். ஜெயித்த அன்று பூமாலையெல்லாம் அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, கழுத்தில்தான் விழுந்தது. அன்றிலிருந்து ஊர் "தலைவரே" என்று கூப்பிடுவது அவரைத்தான். ஆபீஸ் சாவி அவர் சட்டைப் பையில், சுழல் நாற்காலியில் அவர். அக்காவுக்கு வேலை அடுப்படியில்தான். தீர்மான நோட்டைக் கிளார்க் வீட்டுக்கே கொண்டுவருவார். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள். பிளஸ் டூ படித்தவள்!

போன மாசி மாதத்தில் ஒரு நாள் மதிய இடைவேளையில் அவளிடமிருந்து போன் வந்தது. அழுதிருந்தாள். கல்லுடைக்கும் குவாரி லாரிகள் பள்ளிக்கூடத் தெரு வழியாகப் போகலாம் என்று ஒரு தீர்மானம். அவள் படிக்காமல் போட்ட கையெழுத்துகளில் அதுவும் ஒன்று. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் வாசலுக்கே வந்து கேட்டிருக்கிறார்கள்.

"ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துர்றேன்டி. பேரு கெட்டது போதும்."

"நீ எதுக்குப் போவணும்? கெட்டியாப் பிடிச்சுக்க!" என்று கத்தினேன். சாப்பாட்டு அறையே திரும்பிப் பார்த்தது. வேகத்தில் சிவப்புக்காரி கதையைச் சொன்னேன். ஊதாக்காரியையும் சொல்லவேண்டி வந்தது. அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த ஊதாப் பொண்ணு நம்ம செல்லியம்மன் மாதிரில்ல இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது எங்கள் பக்கத்துச் சிறுவாச்சூர்க் கதை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே காளி கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அந்த இடம் முதலில் செல்லியம்மனுடையது, காளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவள் மலைக்குப் போய்விட்டாள் என்பார்கள். இன்றும் தீபத்தை முதலில் மலைப் பக்கம் காட்டிவிட்டுத்தான் காளிக்குக் காட்டுவார்கள்.

அக்கா மேலே சொன்னாள். "செல்லியம்மன் வுட்டுட்டுப் போனா, சரி. அது அவ வூடு, அவ இருந்த எடம். அதான் வெளக்கு மொதல்ல அவளுக்கு. நான் எங்கடி உக்காந்தேன், வுட்டுட்டுப் போறதுக்கு?"

இரண்டு மாதமாக இங்கே எல்லோரும் பிடிப்பதா விடுவதா என்று மல்லுக்கட்டுகிறோம். இரண்டுக்கும் முன்னால் உட்காருவது என்று ஒன்று இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. அந்த அனிமேக்காரிகள் இருவரும் முதல் காட்சியிலேயே சிம்மாசனத்தில் இருந்தவர்கள்.

மறுநாள் கடைக்குப் போய், சிவப்புக்காரி தொங்குவது ஒன்று, ஊதாக்காரி தொங்குவது ஒன்று என்று இரண்டு சாவி வளையங்கள் வாங்கினேன். யாருக்கு எது என்பதில் குழப்பமில்லை. சிவப்புக்காரியை அக்காவுக்குத் தபாலில் அனுப்பினேன். "இதில் எந்தச் சாவியை மாட்டுவது என்று உனக்கே தெரியும்" என்று ஒரே வரி எழுதினேன். அனுப்பிய பிறகு பயம் பிடித்தது. கடல் தாண்டி உட்கார்ந்து உசுப்பிவிடுவது சுலபம். மாமாவோடு ஒரே வீட்டில் இருக்கப்போவது அவள்தானே? அவளுக்கு அங்கே ஏதாவது ஆனால் என்னால் என்ன செய்ய முடியும்?

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வீடியோ கால் வந்தது. முதலில் தெரிந்தது சுவர், பிறகு தலைவர்கள் பெயர் எழுதிய பலகை, அப்புறம் அக்கா. சுழல் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"சிறுவாச்சூர் போயிட்டு நேரா இங்க வந்துட்டேன். சாவியக் குடுங்கன்னேன். என்னமோ பொம்பளைக்குப் பேய் புடிச்ச மாதிரி பாத்தாரு. குடுத்துட்டாரு. வூட்டுல பேச்சு வார்த்தை கெடையாது."

"இப்ப என்னக்கா செய்யப் போற?"

"லாரி தீர்மானத்த ரத்து பண்ணணும். கூட்டத்துக்கு மெம்பருங்களக் கூப்புட ஆள் அனுப்பியிருக்கேன். அது முடியட்டும், பெறவு இருக்கறதா போறதான்னு நான் சொல்றேன்."

மேசைமேல் தீர்மான நோட்டு திறந்திருந்தது. பக்கத்தில் ஆபீஸ் சாவி, அதில் சிவப்புக்காரி. எட்டிப் பார்த்த மிசாகி கைதட்டினாள். "உங்க அக்கா சிவப்புக் கட்சியா?" "இன்னும் சொல்லலை" என்றேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

"கலா சான் ஊதாவா?" என்றாள் மிசாகி, என் சாவிக்கொத்தைக் காட்டி. ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நான் எதையும் ஆண்டுவிட்டு இறக்கி வைத்தவள் இல்லை. ஊரில் உட்கார இடமில்லாமல் கிளம்பி வந்தவள். என் ஊதாக்காரியோடு இரண்டு சாவிகள் தொங்குகின்றன. ஒன்று இங்கே வாடகை அறையுடையது. மற்றது ஊரில் நாங்கள் பிறந்த வீட்டுப் பூட்டுடையது. துருப்பிடித்த அந்தப் பூட்டை அக்கா மாற்றி நாலு வருடமாகிறது.